பால்மரப் பட்டைக்கு என்ன நிறம்?

அம்மா, உங்கள் கேள்வியை நிதானமாக இரண்டு மூன்று தடவை படித்தேன். தோட்டத்து ஆபீஸில் 30 வருடம் கிராணி (எழுத்தர்) வேலை, பிறகு பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீடு, கணவர் தவறி ஒன்றரை வருடம். பேரன் விட்டுவிட்டுப் போன புஞ்சோ வண்ணப் பெட்டியை எடுத்து ராத்திரிகளில் எதையாவது தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தீட்டும்போது மனசு லேசாகிறது, முடித்துப் பார்த்தால் படம் கோணலாக இருக்கிறது, மகனோ "முறையாக் கத்துக்கிட்டுச் செய்ங்கம்மா, இல்லாட்டி ஏன் தாளையும் நேரத்தையும் வீணாக்கறீங்க" என்கிறார். வகுப்பில் சேரலாமா, என்ன வண்ணம் வாங்கலாம், 57 வயதில் இது தேவைதானா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, போகிற போக்கில் பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டைக்கு எந்த நிறத்தைக் கலப்பது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

இந்த நான்குக்கும் அடியில் வேறொரு கேள்வி கிடப்பதாக எனக்குப் படுகிறது. படம் நன்றாக வராதபோதும் அதைத் தீட்டிச் சந்தோஷப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் அது. இருக்கிறது அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் 31 வருடம் கலைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருடமாக, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் சிலரோடு உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டுகிறேன். கண்காட்சி வைத்த ஓவியன் இல்லை, மருத்துவனும் இல்லை. ஆனால் வரையத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்த கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

"முன்பின் பழக்கமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லயத்து வீட்டு வாசலில் எத்தனை வருடம் கோலம் போட்டீர்கள்? விடியுமுன் குனிந்து, புள்ளிகளைச் சமதூரத்தில் வைத்து, மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே சீராக ஒழுகவிட்டு, ஒரு வளைவைக் கை எடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது சின்ன வித்தை இல்லை. கோட்டின் கனம் கையின் வேகத்தில் இருக்கிறது என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். தூரிகைக்கும் அதேதான்: மெதுவாக இழுத்தால் கோடு பருமனாகவும் ஈரமாகவும் விழும், சட்டென்று இழுத்தால் மெலிந்து வறண்டு விழும். சனிக்கிழமை வருகிறவர்களில் கோலம் போட்டுப் பழகிய பெண்கள் இதை முதல் நாளே பிடித்துக்கொள்கிறார்கள். கணினி வேலையிலேயே இருந்த ஆண்களுக்கு மாதக்கணக்காகிறது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கோலத்தை யாராவது சட்டம் போட்டு மாட்டினார்களா? காலைப் பசியாறல் முடிவதற்குள் சைக்கிள் ஏறி, கோழி மிதித்து, மத்தியானத்துக்குள் போய்விடும். அதற்காக யாரும் அதை வீண் வேலை என்று சொன்னதில்லை. போடுகிற அந்தக் கால்மணி நேரம் உங்களுடையதாக இருந்தது. ராத்திரியில் இப்போது நீங்கள் செய்வதும் அந்த வகைதான். தாளில் தங்கிவிடுவதால் மறுநாள் அதற்கு மார்க் போடத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

தீட்டும்போது மனசு ஏன் லேசாகிறது என்பதற்கு என் கண்ணில் பட்ட காரணம் ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பார்த்து வரைகிறபோது அதன் பெயர் மறந்துபோகிறது. எங்கள் குழுவில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் ரப்பர் பால் பிடிக்கும் பழைய பால்மங்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து வரைந்தார். முதல் அரைமணி நேரம் "மங்குன்னா இப்படித்தானே இருக்கும்" என்று மனசில் இருந்த மங்கைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பிறகு அந்த விளிம்பில் விழுந்த வெளிச்சம், உள்ளே ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலின் பழுப்பு, நிழலுக்குள் மேசையிலிருந்து ஏறி வந்த நீலம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஒன்றேகால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து, மணி என்ன என்று கேட்டார். ஒரு வேலையில் இப்படி முழுசாக அமிழ்ந்துபோவதைப் பற்றி மிஹாய் சிக்ஸென்ட்மிஹாயி என்ற உளவியல் அறிஞர் நீண்டகாலம் ஆராய்ந்தார். 1960-களில் அவருக்கு அந்த ஆர்வம் வந்ததே ஓவியர்களைப் பார்த்துத்தான். படம் தீட்டும்போது சாப்பாடு தூக்கம் மறந்து கிடந்தவர்கள், முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள் என்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை, கோலம் போட்ட உங்களுக்கும் தோன்றாது.

இனி, உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று சொல்கிறார்களே, அதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்வது என் கடமை. 2016-இல் அமெரிக்காவில் கிரிஜா கைமல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுப்படம் இவற்றில் விருப்பப்பட்டதைச் செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. அதில் உங்களுக்கு வேண்டிய செய்தி வேறு: கலைப் பழக்கம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நன்றாக வரையத் தெரிந்தால்தான் நன்மை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே சமயம் அதைத் தலையில் தூக்கி வைக்கவும் கூடாது. 39 பேர் என்பது சின்னக் கூட்டம். ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழுவை அவர்கள் வைக்கவில்லை. 45 நிமிடம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்ததே பாதி மருந்தாக இருந்திருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-இல் 3,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகளில் ஈடுபடுவது உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுகிறது என்று அறிக்கை வெளியிட்டது. அந்த ஆய்வுகளும் எல்லாம் ஒரே தரமானவை இல்லை. ஆகவே நான் துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தீட்டுகிற நேரத்தில் பலருக்கு இறுக்கம் தளர்கிறது, அதற்குக் கைத்திறன் நிபந்தனை இல்லை. வியாதி தீரும், ஞாபகமறதி வராது, துக்கம் ஆறிவிடும் என்றெல்லாம் விற்பவர்களின் பேச்சை நம்பாதீர்கள்.

துக்கம் என்ற வார்த்தையை எழுதிவிட்டேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கணவர் போன பிறகு வருகிற ராத்திரிகள் நீளமானவை. வண்ணம் அந்த ராத்திரிக்குத் துணையாக உட்காரும், ஆனால் எல்லா வேலையையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். தூக்கம் வாரக்கணக்கில் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலுமே மனசு ஒட்டவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால், அது தூரிகையால் சரிக்கட்டுகிற காரியம் இல்லை. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம். வெட்கப்படாமல் போய் இப்படியே சொல்லுங்கள். இங்கே எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் அந்த நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் இதைப் படிக்கிற இன்னொருவர் இருக்கக்கூடும்.

மகன் சொல்வதற்கு வருகிறேன். அவர் மேல் கோபப்படாதீர்கள். எதையும் பரீட்சைக்குப் படித்தே பழகிய தலைமுறை அது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் என் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மலையை ஊதா நிறத்தில் தீட்டினான். மலை பச்சை என்று சொல்லி மேலே பச்சையைப் பூசச் சொன்னேன். அவன் அன்றைக்கு அழவில்லை, ஆனால் அந்த வருடம் முழுக்க என்னைக் கேட்காமல் ஒரு நிறத்தையும் தொடவில்லை. பல வருடம் கழித்து ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் பனிமூட்டத்துக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தேன். ஊதாவாகத்தான் இருந்தது. தூரத்து மலைக்கும் நம் கண்ணுக்கும் நடுவே இருக்கிற காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. அதனால் மலை தள்ளிப்போகப் போகப் பச்சையை இழந்து நீலத்துக்கும் ஊதாவுக்கும் போகும், வெளிறவும் செய்யும். அந்தப் பையன் பார்த்ததைத் தீட்டினான், நான் பார்க்காமல் திருத்தினேன். இன்று அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. தெரிந்தால் போய் மன்னிப்புக் கேட்பேன்.

வகுப்பில் சேர்வது நல்லதுதான், பக்கத்தில் பொறுமையான ஆசிரியர் கிடைத்தால் சேருங்கள். நீர்வண்ணத்தில் தண்ணீரின் அளவு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்துப் படிப்பது, எழுதியதைப் படிப்பதைவிட எளிது. ஆனால் படித்துவிட்டுத்தான் தீட்ட வேண்டும் என்பது கிடையாது. நம் மலேசிய நீர்வண்ண ஓவியத்தில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று யோங் முன் சென். 1896-இல் கூச்சிங்கில் பிறந்தவர், பினாங்கில் புகைப்படக் கடை நடத்தினார், ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். கோலாலம்பூரில் பீட்டர் ஹாரிஸ் 1952-இல் தொடங்கிய புதன்கிழமைக் கலைக்குழுவில் சேர்ந்தவர்களும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வாரத்தில் ஒரு மாலை கூடி வரைந்தவர்கள். அவர்களில் சிலர் பிறகு பெரிய ஓவியர்கள் ஆனார்கள். அது தனிக் கதை. உங்கள் மகனிடம் சொல்ல வேண்டிய பகுதி, அவர்கள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து உட்கார்ந்த பகுதிதான்.

என்ன வாங்குவது என்ற கேள்விக்கு என்னிடம் பிடிவாதமான பதில் இருக்கிறது: முதல் காசு தாளுக்கு, அடுத்தது தூரிகைக்கு, கடைசியாகத்தான் வண்ணத்துக்கு. புதிதாக வருகிற எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்து 36 நிற டப்பா வாங்கி, அதைப் பள்ளிக்கூட டிராயிங் தாளில் தீட்டி, தாள் சுருண்டு அலையடித்து, வண்ணம் திட்டுத்திட்டாகக் காய்ந்ததும் "எனக்கு வரவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். உங்கள் படம் கோணலாகத் தெரிவதில் பாதி இந்தத் தாளின் வேலையாக இருக்கும் என்பது என் ஊகம். மெல்லிய தாள் தண்ணீரைத் தாங்காது, ஈரம் பட்ட பக்கம் உப்பி மேடாகும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள் என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் பஞ்சுத் தாள் விலை கூடுதல், ஆனால் தண்ணீரை நிதானமாகக் குடிக்கும், தப்பாக விழுந்த நிறத்தை ஈரத் தூரிகையால் கொஞ்சம் எடுத்துவிடலாம். ஒரு பெரிய தாளை வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் கட்டுப்படியாகும். உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய துண்டில் தீட்டுவது ஆரம்பத்தில் நல்லது, பயமும் குறையும். தூரிகை இரண்டு போதும்: நுனி கூராகச் சேரும் உருண்டைத் தூரிகை எட்டாம் எண்ணில் ஒன்று, பட்டையாக ஒன்று. பேரனின் புஞ்சோவைத் தூக்கிப் போட வேண்டாம். கை பழக அது தாராளமாகப் போதும்.

நம் ஊர் ஈரப்பதம் நீர்வண்ணத்துக்குப் பாதி நண்பன், பாதி எதிரி. நண்பன் எப்படி என்றால், வறண்ட நாட்டில் வானத்தை ஈரத்துக்குள் ஈரமாகப் பரப்ப ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், இங்கே மழை நாளில் கால்மணி நேரம் தாள் ஈரமாகவே கிடக்கும், நிறம் நிறத்துக்குள் சாவகாசமாகப் பரவும். எதிரி எப்படி என்றால், காயாத நிறத்தின் மேல் பொறுமையில்லாமல் அடுத்த நிறத்தை வைத்தால் இரண்டும் சேறாகும். தலை உலர்த்தும் கருவி இருந்தால் ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காயவையுங்கள். இல்லையென்றால் இரண்டு படத்தை ஒரே நேரத்தில் ஆரம்பித்து மாறி மாறித் தீட்டுங்கள். வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூசணம் பூக்கும், ராத்திரி முழுக்கத் திறந்தே வைத்து, காலையில் மூடுங்கள். மீதித் தாளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில், மாத்திரை டப்பாவிலும் காலணிப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். தாளின் மேல் பூசியிருக்கும் பசை பூசணத்தில் கெட்டுவிட்டால், அந்த இடம் மட்டும் நிறத்தை மை ஒற்றும் தாள் போல உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகக் காட்டும். அது கண்ணுக்கு முன்கூட்டியே தெரியாது, நிறம் பட்ட பிறகுதான் தெரியும், அதற்கு மருந்தும் கிடையாது.

நல்ல வண்ணம் வாங்குகிற நாள் வந்தால் மூன்று குழாய் போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற சுட்ட செம்மண் நிறம், ஒரு மஞ்சள். குழாயின் பின்பக்கம் நிறமிக்குரிய குறி அச்சடித்திருக்கும். அல்ட்ராமரினுக்கு பிபி29. கடைப் பெயர் எதுவாக இருந்தாலும் இந்தக் குறியைப் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு பிஆர்83 என்று இருந்தால் விட்டுவிடுங்கள், வெளிச்சத்தில் வெளிறிப்போகும். கறுப்பு வாங்கவே வாங்காதீர்கள். நீலத்தையும் சுட்ட செம்மண்ணையும் கலந்தால் அழகான சாம்பல் தொடங்கிக் கிட்டத்தட்டக் கறுப்பு வரைக்கும் கிடைக்கும். மழைக்கு முந்திய மேகம் அப்படியே அந்தக் கலவைதான். பச்சையையும் குழாயில் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. சுங்கை சிப்புட்டைச் சுற்றிச் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை), எங்கு திரும்பினாலும் பச்சை, அதைக் கடைப் பச்சையால் தீட்டினால் பிளாஸ்டிக் மாதிரி கத்தும். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து, அதில் சுட்ட செம்மண்ணை ஒரு துளி சேருங்கள். பச்சை அடங்கி, தூசி படிந்த செம்பனை மட்டையாக மாறும்.

அந்தச் செம்மண் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல ஆசை. ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் சுண்ணாம்புக் குன்றின் பாறையில், மனிதர்களும் மான் போன்ற விலங்குகளும் தீட்டப்பட்ட பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. 1959-இல் பிரிட்டிஷ் கூர்க்கா படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி கண்ணில் பட்டு வெளியுலகுக்குத் தெரிய வந்தன. அந்தச் சிவப்பு ஹேமடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. நம் தோட்டத்துச் சடக்கு (சாலை) சிவப்பாக இருப்பதும் இரும்பு ஆக்சைடால்தான், கோயில் சுவரில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் பட்டை அடிக்கிறோமே, அந்தக் காவியும் அதுதான், உங்கள் குழாயில் இருக்கிற சுட்ட செம்மண்ணும் அந்தக் குடும்பம்தான். நிறமிகளில் இதைப்போல வெயிலுக்கு அசையாதது குறைவு. அதைத் தாளில் வைக்கும்போதெல்லாம் எனக்கு, விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலையாள் கணக்கெடுப்புக்கு) போகிற அம்மாவின் காலணியில் ஒட்டியிருந்த மண் ஞாபகம் வரும்.

எண்ணெய் வண்ணம், அக்ரிலிக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அக்ரிலிக் நல்லதுதான், தப்பை மூடி மேலே பூசலாம், ஆனால் தூரிகையில் காய்ந்தால் தூரிகை போச்சு. எண்ணெய் வண்ணம் இப்போதைக்கு வேண்டாம். தாமான் வீட்டு அறையில் டர்பன்டைன் வாடை தலைவலி கொடுக்கும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வண்ணமானாலும் தூரிகையை வாயில் வைத்து நுனி சேர்க்கும் பழக்கம் மட்டும் கூடாது.

எதைத் தீட்டுவது, எப்போது தீட்டுவது என்பதில் இரண்டு விஷயம் மட்டும். நம் நாட்டில் நடுப்பகல் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழும், நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் அஞ்சடியில் (முன் தாழ்வாரத்தில்) உட்கார்ந்து பாருங்கள், ஒரு சாதாரண வாளிக்குக்கூட நீண்ட நிழலும் ஒரு பக்கம் வெளிச்சமும் இருக்கும். இன்னொன்று, படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதத்துக்குப் போடாதீர்கள். சனிக்கிழமைக் குழுவிலிருந்து நின்றுபோனவர்களில் அதிகம் பேர் நேரமில்லாமல் நிற்கவில்லை. யாரோ சிரிப்புப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டதால் நின்றார்கள். பாராட்டும் இதே அளவு தொந்தரவுதான், அடுத்த படத்தை அந்தப் பாராட்டுக்காகத் தீட்டத் தொடங்கிவிடுவீர்கள். படத்தின் பின்னால் தேதி, மணி, அன்றைக்கு மழையா வெயிலா என்று எழுதிப் பெட்டியில் போடுங்கள். 20 படம் சேர்ந்த பிறகு ஒருநாள் தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். அப்போது மகனையும் கூப்பிடுங்கள்.

இனி பட்டை. கடைசி வரியில் சாதாரணமாகக் கேட்டிருந்தாலும், பால் வெட்டுக்குப் போன உங்கள் அம்மாவை வரையத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று முன்னால் ஒரு இடத்தில் எழுதிய வரி காட்டிக்கொடுத்துவிட்டது. பால்மரக் காடு நம் பக்கம் இப்போது அருகிவிட்டது, ஞாபகத்திலிருந்து மட்டும் தீட்டாதீர்கள். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சிய மரம் இன்னும் நிற்கிறது, நாட்டிலேயே பழையது, பஸ்ஸில் போய்வரலாம். பால் வெட்டுகிற மரம் எங்காவது சின்னத் தோட்டத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டை காப்பி நிறம் என்று எல்லாரும் நினைக்கிறோம். கிட்டப் போனால் அது சாம்பல். நீலமும் சுட்ட செம்மண்ணும் கலந்து நிறையத் தண்ணீர் விட்ட சாம்பலை முதலில் பரப்புங்கள். அது ஈரமாக இருக்கும்போதே, பாசி படர்ந்த திட்டுகளுக்கு மஞ்சளும் நீலமும் கலந்த வெளிர்ப் பச்சையை அங்கங்கே தொட்டு வையுங்கள், தானாகப் பரவட்டும். புதிதாகச் சீவிய இடம் வெளிர்மஞ்சள் கலந்த தவிட்டு நிறம். நாள்பட்ட வெட்டு அதைவிடக் கறுத்து, முடிச்சு விழுந்திருக்கும். வெட்டுக்கோடு மரத்துக்கு நேரே நிற்பவருக்கு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். படங்களில் இதைப் பலர் மாற்றிப் போடுகிறார்கள், உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

வழிகிற பாலுக்கு வெள்ளை வண்ணம் தேடாதீர்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான், அந்தக் கோட்டை மட்டும் தீட்டாமல் விட வேண்டும். அவ்வளவு மெல்லிய கோட்டைச் சுற்றித் தீட்டக் கை ஒத்துழைக்காது. அதற்கென்று ஓவியக் கடையில் மறைப்புப் பால் என்று சொல்லத்தக்க, ஆங்கிலத்தில் மாஸ்கிங் ஃபுளூயிட் என்கிற ஒரு திரவம் விற்கிறது. மூடியைத் திறந்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும், பால் உறையாமல் இருக்கத் தோட்டத்தில் கலப்பார்களே, அந்த அமோனியா வாடை. உள்ளே இருப்பதும் ரப்பர் பால்தான். ஜன்னலைத் திறந்து வைத்து, பழைய தூரிகையைச் சோப்பில் தோய்த்துக்கொண்டு, தாள் முழுசாகக் காய்ந்திருக்கும்போது வெட்டுக்கோட்டையும் அதன் நுனியிலிருந்து மங்குக்குள் விழும் சொட்டையும் அதனால் வரையுங்கள். காய்ந்ததும் அதன் மேலேயே பட்டையின் சாம்பலைத் தயங்காமல் பூசலாம். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், நம் வெக்கையில் நாள்கணக்காக விட்டால் தாளோடு பிடித்துக்கொண்டு கிழிக்கும். வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு விரலால் மெதுவாகத் தேயுங்கள். மங்கிலிருந்து ஒட்டுப்பாலை உரிப்பது போலவே சுருண்டு வரும், அடியில் வெள்ளைக் கோடு இருக்கும்.